வைரத்தை விட்டுக் கண்ணாடிக்கு வந்தவர்

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் புறப்பட்டு வடமேற்கு நோக்கிச் செல்லும் சிறிய ரயில் வண்டி, அல்ஸாஸ் சமவெளியின் மக்காச்சோள வயல்களையும், உயரமான கம்பங்களில் ஏறி நிற்கும் ஹாப்ஸ் கொடிகளையும் கடந்து, இங்வீலர் என்ற சிற்றூரைத் தாண்டியவுடன், அதுவரை தொலைவில் நீலக் கோடாகத் தெரிந்துகொண்டிருந்த வோஜ் மலைக்காடு இருபுறமும் நெருங்கி வந்து பாதையைச் சூழ்ந்துகொள்கிறது. பீச் மரங்களும் பைன் மரங்களும் அடர்ந்த குன்றுகள். அவற்றினிடையே செந்நிறத்தில் தலைநீட்டும் மணற்கற் பாறைகள். பின்னால் பெருகி ரைன் நதியில் கலக்கப்போகிற மோதேர் ஆறு, இங்கே பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஓடையாகத்தான் ஓடுகிறது. அதன் கரையிலுள்ள விங்கென் கிராமத்தில் இறங்கினேன். பாரிஸ் மாநகரத்துச் சீமாட்டிகளின் அலங்காரத்தை ஒரு காலத்தில் தம் விருப்பப்படி மாற்றியமைத்த ரெனே லாலீக் என்ற கலைஞரின் வாழ்நாள் படைப்புகளை ஒருசேரக் காண்பதற்கு, பாரிஸை விட்டு இத்தனை தூரம் ஏன் வரவேண்டும் என்ற கேள்விக்கு, ரயில் பாதையின் இருமருங்கிலும் நின்ற அந்தக் காடே பாதி விடை சொல்லிவிட்டது.

கண்ணாடி காட்டிலே பிறந்து வளர்ந்த தொழில். அதற்கு மணல் வேண்டும். மணலை இளகச் செய்யும் காரச் சாம்பல் வேண்டும். இரவு பகலாக உலை அணையாதிருக்க மலைமலையாக விறகு வேண்டும். இவை யாவும் ஓரிடத்தில் கிடைத்தபடியால் இந்தப் பிரதேசத்தில் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி உலைகள் எரிந்துவந்திருக்கின்றன. ஆதியில் ஓரிடத்தில் விறகு தீர்ந்ததும் உலையைக் கைவிட்டு வேறிடம் தேடிப்போன கண்ணாடிக்காரர்கள், 18-ம் நூற்றாண்டில் ஆங்காங்கே நிலைபெற்று ஊர்களாகிவிட்டார்கள். மைசென்தால், சேன்-லூயி முதலிய அண்டை ஊர்களின் சரித்திரம் முழுவதும் உலைகளின் சரித்திரமே. விங்கெனுக்கு அருகில் ஹோக்பெர்க் என்ற இடத்தில் 1715-ல் ஏற்பட்ட ஆலை ஒன்று 1868 வரையில் நடந்தது. அந்தப் பழைய ஆலை நின்ற நிலத்திலேதான் 2011-ம் ஆண்டு ஜூலை மாதம் லாலீக் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஜான்-மிஷேல் வில்மோத் என்ற கட்டடக் கலைஞர், எஞ்சியிருந்த பழைய மணற்கல் வீடுகளை இடிக்காமல் காப்பாற்றி, புதிய கட்டடத்தைக் குன்றின் சரிவோடு சரிவாகத் தாழ அமைத்து, அதன் கூரையின்மேல் புல்லையும் செடியையும் வளரவிட்டிருக்கிறார். ஒரு பெரிய கலைஞரின் பெயரால் கட்டப்படும் மண்டபங்கள் பெரும்பாலும் தங்களையே முதலில் பார்க்கச் சொல்லி எதிரே நிமிர்ந்து நிற்கும் இக்காலத்தில், இந்த அடக்கம் என் மனத்துக்கு மிகவும் உகந்ததாக இருந்தது.

உள்ளே 650-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒரு மனிதனின் கைவேலை எங்கே தொடங்கி எவ்வழியாகச் சென்று எதில் முடிந்தது என்பதை ஆரம்பம் முதல் அந்தம் வரை தொடர்ந்து காட்டும்படி அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இந்த வரிசையிலே ஒரு மர்மம் இருக்கிறது. அதுவே என்னை அங்கே வெகுநேரம் நிறுத்திவைத்தது. நாற்பது வயதில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆபரணச் சிற்பி என்ற கீர்த்தியைப் பெற்ற ஒருவர், ஐம்பது வயதை ஒட்டிப் பொன்னையும் மணியையும் ஒதுக்கி, கடையிலே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கண்ணாடியைத் தம் வாழ்க்கைப் பொருளாக ஏற்றுக்கொண்டது ஏன்?

ரெனே லாலீக் 1860-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, திராட்சை மதுவுக்குப் பேர்போன ஷாம்பாஞ் பிரதேசத்தில் ஆயீ என்னும் கிராமத்தில் பிறந்தார். குடும்பம் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட பிறகும் விடுமுறைகளை அந்தக் கிராமத்துத் தோட்டங்களிலேயே கழித்தார். 1876-ல் தகப்பனார் இறந்துபோகவே, பதினாறு வயதுப் பையன் லூயி ஒகோக் என்ற நகைக்காரரிடம் தொழில் பயிலப் போனான். அதன்பின் இங்கிலாந்து சென்று இரண்டு வருஷம் ஸைடனாமில் சித்திரம் பயின்றான். ஸ்படிக மாளிகை என்று உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடம் அப்போது நின்ற இடம் அதுதான். தாயகம் திரும்பியதும், கார்த்தியே, பூஷ்ரோன் முதலிய பெரிய கடைகளுக்குப் பெயர் வெளியில் தெரியாமலே நகை உருவங்கள் வரைந்து கொடுத்துவந்தவர், 1885-ஐ ஒட்டிச் சொந்தமாகப் பட்டறை ஏற்படுத்திக்கொண்டார்.

முதல் கூடத்தில் இருப்பவை அந்தப் பட்டறையின் நகைகள். அக்காலத்து வழக்கப்படி நகை என்பது கல்லைத் தாங்குவதற்காக ஏற்பட்ட கூடு. கல்லின் எடைதான் அதன் மதிப்பு. லாலீக் இந்த நியாயத்தைத் தலைகீழாக்கினார். மாட்டுக்கொம்பைச் செதுக்கிச் சீப்புச் செய்தார். தந்தத்தையும் மீனாக்காரி வேலையையும் வைரத்துக்குச் சமமாக உட்கார வைத்தார். ராஜமாளிகைப் பூக்களை விட்டுவிட்டு, வேலியோரத்து முட்செடியையும் குளவியையும் தட்டானையும் பொன்னில் சமைத்தார். நடிகை சாரா பெர்னார் முதலிய பெருஞ்செல்வாக்குடையவர்கள் அவருடைய நகைகளை விரும்பி அணிந்தார்கள். 1900-ம் வருஷத்துப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய காட்சிப் பெட்டிகளுக்கு முன்னால் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது பிரசித்தமான விஷயம்.

இந்த நகைகளில் சிலவற்றை அருகிலிருந்து பார்க்கும்போது, மேலே கேட்ட மர்மத்தின் நூல்முனை கைக்குக் கிடைத்துவிடுகிறது. ஈசலின் சிறகைப்போல் மெல்லிய இலைகளும் இறகுகளும் பச்சையும் நீலமுமாக ஒளிவீசுகின்றன. அவற்றுக்குப் பின்புறத் தகடு கிடையாது. பொன் கம்பிகளுக்கு இடையே வெற்றிடத்தில் வண்ண மீனாவை நிரப்பிச் சுட்டு, பிறகு அடியிலிருக்கும் ஆதாரத்தை நீக்கிவிடுவது ஒரு வித்தை. ஒளி அதன் ஊடே புகுந்து இந்தப் பக்கம் வரும். மீனா என்பது என்ன? உலோகத்தின்மேல் உருக்கி இழைத்த கண்ணாடிப் பொடியே அல்லவா? ஆகவே, லாலீக் நகையை விட்டுக் கண்ணாடிக்குத் தாவினார் என்று சொல்வதைக் காட்டிலும், நகைக்குள்ளே சிறைப்பட்டிருந்த கண்ணாடி மெல்ல மெல்ல வளர்ந்து, தன்னைத் தாங்கிய பொன்னை உதறிவிட்டு வெளியே வந்தது என்று சொல்வதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். தாம் தேடியது கல்லின் விலையை அல்ல, ஊடுருவி வரும் ஒளியை என்பது அவருக்குத் தெரிந்துபோன பிறகு, பொன்னுக்கு அங்கே வேலையில்லை.

ஆரம்பத்தில் அவர் கையாண்ட முறை நம்மவர்க்கு அந்நியமானதன்று. மெழுகில் உருவம் வடித்து, அதைச் சுற்றி மண்ணோ சுண்ணமோ பூசி, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய பொருளை வார்ப்பது. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகத்தில் இன்றும் செய்வதை லாலீக் கண்ணாடியில் செய்தார். உருவத்தை எடுக்க அச்சை உடைத்தே தீரவேண்டுமாகையால் அப்படிப் பிறந்த ஒவ்வொரு பாத்திரமும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அவற்றில் சிலவற்றின் மேல் மெழுகைப் பிசைந்த விரலின் ரேகை அப்படியே பதிந்து நிற்கிறது. ரசிகர்களும் ஏலக் கடைக்காரர்களும் இன்று இவற்றையே அவருடைய மகுடம் என்று கொண்டாடுகிறார்கள். அழகிலே குறைவில்லை என்றாலும், அவர் இதோடு நின்றிருந்தால் தனவந்தர்களின் கலைஞர் என்ற பழைய ஸ்தானத்திலேயே நின்றிருப்பார்.

அவரை வெளியே இழுத்தது வாசனைத் தைலம். 1905-ல் பாரிஸின் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்தில் லாலீக் கடை வைத்தார். அண்டையிலே பிரான்ஸ்வா கோத்தி என்ற வாசனைத் தைல வியாபாரிக்கும் கடை இருந்தது. அதுவரை தைலம் பெரும்பாலும் மருந்துச் சீசா போன்ற எளிய புட்டிகளிலேயே விற்கப்பட்டது. அழகான குப்பி வேண்டுமென்றால் சீமாட்டிகள் தனியாக வாங்கி அதில் ஊற்றிவைத்துக்கொள்வார்கள். முகர்வதற்கு முன்னால் கண்ணால் பார்த்தே மயங்கும்படி ஒரு குப்பி, அதுவும் ஆயிரக்கணக்கில், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணும் வாங்கக்கூடிய விலையில் வேண்டும் என்று கோத்தி விரும்பினார். மெழுகச்சினால் ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது. ஆகையால் லாலீக் இரும்பு அச்சைக் கைக்கொண்டார். 1909-ல் பாரிஸுக்குத் தென்கிழக்கே கோம்ப்-லா-வீல் என்ற இடத்தில் ஒரு கண்ணாடி ஆலையை வாடகைக்கு எடுத்து, 1913-ல் அதை விலைக்கே வாங்கிவிட்டார். அந்த 1909-ல்தான் அவருடைய மனைவி அலீஸ் காலமானதும். போலிகள் மலிந்து நகைத் தொழில் அவருக்குச் சலித்துப்போயிருந்தது என்றும் சொல்வார்கள். காரணங்கள் எத்தனை இருந்தாலும், 1912-ம் வருஷ முடிவில் அவர் தம் கடையில் கண்ணாடியை மாத்திரம் வைத்து ஒரு காட்சி நடத்தினார். நகைச் சிற்பியின் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

குப்பிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் நான் மிகவும் மெதுவாக நடந்தேன். உள்ளங்கையில் அடங்கும் பொருள்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்னை தீர்க்கப்பட்டிருக்கிறது. வொர்த் என்ற உடை அலங்கார நிறுவனத்துக்காக 1924-ல் செய்த குப்பி நட்சத்திரம் இறைந்த கருநீல உருண்டை. இரவு என்ற எண்ணத்தை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. வேறு சிலவற்றில் குப்பி எளிமையாக இருந்து மூடி மாத்திரம் விரிந்து, குப்பியைக் காட்டிலும் பெரிதாக, மலர்க்கிளைகள் இருபுறமும் வழியும் கிரீடமாகிறது. அச்சிலிருந்து சிதையாமல் வெளிவர வேண்டும், பெட்டியில் அடுக்கும்போது உடையக்கூடாது, தைலம் ஆவியாகிப் போகாமல் மூடி இறுக வேண்டும். இத்தனை நிர்ப்பந்தங்களுக்குள் அடைபட்டும் அழகு சுருங்கவில்லை. நிர்ப்பந்தமே அதற்கு உறுதியைத் தந்திருக்கிறது. தனி ஒருவருக்காக ஆயிரம் மணி நேரம் உழைத்துச் செய்த நகையைப் பார்த்து வியப்பது எளிது. ஆயிரம் பேருக்காகச் செய்த பொருளில் அதே கண்ணியத்தைக் காப்பாற்றுவது அதனினும் அரிய காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் மகாயுத்தம் முடிந்து, 1871 முதல் ஜெர்மனியின் வசமிருந்த அல்ஸாஸ் மறுபடியும் பிரான்ஸோடு சேர்ந்தபோது, அங்கே தொழில்களை வளர்க்க அரசாங்கம் ஊக்கமளித்தது. உலைத்தொழிலைப் பரம்பரையாக அறிந்த கைகள் அந்தக் காட்டிலே காத்திருந்தன. அறுபது வயதைத் தாண்டிய லாலீக், 1921-ல் விங்கெனில் புதிய ஆலையை நிறுவினார். பூ ஜாடிகள், தட்டுகள், மதுக்கிண்ணங்கள், விளக்குகள், கடிகாரங்கள், மோட்டார் வண்டியின் முகப்பில் பொருத்தும் சிறு சிலைகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் அவர் கையிலிருந்து பிறந்து, பெரும்பாலும் இங்கேயே உலையில் வெந்து வெளிவந்தன.

இவற்றுள் பால்வெண்மையும் நீலமும் கலந்து மின்னும் பாத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. நேராகப் பார்த்தால் மெல்லிய நீலம். பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தால் அதே பாத்திரம் தேன் நிறம் கொள்கிறது. இந்த நிறமாற்றத்துக்குச் சாயம் காரணமன்று. கண்ணாடிக் கலவையில் சேர்த்த உப்புக்கள், அது ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிந்து உள்ளே நின்றுவிடுகின்றன. அவை ஒளியின் நீலக் கூறைச் சிதறடித்து, மஞ்சளும் சிவப்புமானவற்றைத் தடுக்காமல் போகவிடுகின்றன. பகல் வானம் நீலமாகவும் அந்தி வானம் சிவப்பாகவும் தோன்றுவதும் இதே தத்துவந்தான். தடித்த பாகம் மெல்ல ஆறும், ஆகையால் அங்கே பால்நிறம் மிகும். மெல்லிய பாகம் விரைவில் ஆறித் தெளிவாகவே நின்றுவிடும். லாலீக் இந்தச் சுபாவத்தை அறிந்து, உருவத்தின் மேடு பள்ளங்களையே வர்ணமாக்கிக்கொண்டார். 1927-ல் அவர் சமைத்த பாக்காந்த் என்னும் ஜாடியில், மதுக்கடவுளின் அடியார்களான நங்கையர் தோளோடு தோள் உரச நடனமாடிக்கொண்டு ஜாடியைச் சுற்றி வருகிறார்கள். அவர்களுடைய தோளும் தொடையும் எங்கே திரண்டிருக்கின்றனவோ அங்கே ஒளி தங்குகிறது. உடலுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஒளி கடந்துபோகிறது. ஓர் அடிக்கும் குறைவான உயரமுள்ள அந்த ஜாடியைச் சுற்றி நடக்கும்போது, நாம் நகர்கிறோமா, அவர்கள் நகர்கிறார்களா என்ற மயக்கம் ஏற்படுகிறது.

அச்சிலே வார்த்த பொருளில் கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஜாடியே தக்க சமாதானம். அச்சைச் செதுக்குவது முதற்கண் ஒரு சிற்பியின் வேலை. உலையிலிருந்து சரியான அளவு கண்ணாடியைத் திரட்டி, சரியான கணத்தில் அச்சிலிட்டு அழுத்துவது இன்னொருவருடைய கணிப்பு. வெடிக்காமல் படிப்படியாக ஆறவிடுவது வேறொருவருடைய பொறுமை. அதன்பின் அச்சின் இணைப்புக் கோட்டைத் தேய்த்து மறைக்க வேண்டும். சில இடங்களை மழுக்கிப் பட்டுப்போலாக்க வேண்டும். சில இடங்களுக்கு மெருகேற்ற வேண்டும். பள்ளங்களில் மெல்லிய வர்ணத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். இத்தனை பேர் கைபட்ட பொருளின் அடியில் ஆர். லாலீக் என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. தொழிலாளிகளின் பெயர் மாத்திரமா இல்லை? 1926-ல் வெளிவந்த தூர்பியோன் என்ற ஜாடி, சுழிக்குள் சுழியாக ஆழமாய்க் குடைந்து, வளைவின் விளிம்புகளில் கருமை தீட்டிய அற்புதமான சிருஷ்டி. அந்தக் காலத்துப் பூவும் பறவையும் பெண்ணுருவமும் எதுவுமில்லாமல் வெறும் அசைவை மாத்திரமே உருவமாக்கியிருப்பதால் எல்லாவற்றையும்விட நவீனமாகத் தோன்றுவது. அதை வரைந்தவர் அவருடைய குமாரத்தி சூஸான். அதன் அடியிலும் தகப்பனார் பெயரே. அக்காலத்து ஆலைகளின் வழக்கம் அது என்பது உண்மையே. ஆயினும் இந்த ஜாடியின் முன் நிற்பவர்கள் சூஸானின் பெயரை மனத்தில் கொண்டு நிற்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைப் பொருட்காட்சி லாலீக்கின் இரண்டாவது வெற்றி. பிரான்ஸின் ஊற்றுகளையும் நதிகளையும் கண்ணாடிப் பெண்ணுருவங்களாக்கி, அடுக்கடுக்காக நிறுத்தி, சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு அவர் எழுப்பிய நீரூற்று, இரவில் உள்ளிருந்து வெளிச்சமூட்டப்பட்டுப் பொருட்காட்சிக்கே அடையாளமாயிற்று. காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டார்கள். தனித்தனி உருவங்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இந்தக் காலத்திலிருந்து அவருடைய கண்ணாடி அலமாரியை விட்டுக் கட்டடத்துக்குள் புகுந்தது. 1929-ல் கோத் தாஸ்யூர் விரைவு ரயிலின் பெட்டிச் சுவர்கள். 1933-ல் டோக்கியோவில் இளவரசர் அசாகாவின் மாளிகை வாயிற் கதவுகள். 1934-ல் ஜெர்ஸி தீவில் புனித மத்தேயு தேவாலயத்தின் சிலுவையும் ஞானஸ்நானத் தொட்டியும். 1935-ல் நார்மண்டி கப்பலின் போஜன மண்டபத்தில் விளக்குத் தூண்கள். அந்தக் கப்பல் 1942-ல் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பற்றி அழிந்தது. டோக்கியோ மாளிகை இன்று பொதுஜனங்களுக்கு உரிய கலைக்கூடமாகிவிட்டது. ஜெர்ஸி தேவாலயத்தில் இன்றும் பிரார்த்தனை நடக்கிறது. ஒரு காட்சிசாலையினுள் கொண்டுவர முடியாத இவற்றைப் படங்களாலும் எஞ்சிய துண்டுகளாலும்தான் அறிந்துகொள்ள வேண்டும். விங்கெனில் எனக்குக் குறையாகப் பட்டது இந்த ஒன்றே.

1940-ல் ஜெர்மானியர் அல்ஸாஸை மீண்டும் கைப்பற்றியபோது ஆலை மூடப்பட்டது. 1945 ஜனவரியில் இந்தக் கிராமமே போர்க்களமாயிற்று; ஜெர்மன் படையினர் அதைப் பிடிப்பதும், அமெரிக்கர்கள் வீடு வீடாகப் போரிட்டு மீட்பதும் அந்த மாதத்தின் முதல் வாரத்தில் நடந்தன. உலைகள் மறுபடியும் எரிவதைப் பார்க்காமலே, அதே ஆண்டு மே மாதத்தில், 85-வது வயதில் லாலீக் பாரிஸில் காலமானார். அவருடைய குமாரர் மார்க் ஆலையைப் புனருத்தாரணம் செய்து, தகப்பனார் கையாண்ட கலவையை விட்டு, ஈயம் மிகுந்த பளிங்குக் கண்ணாடிக்கு மாற்றினார். அது முதல் பொருளின் அடியிலுள்ள எழுத்தும் மாறி, ஆர் என்ற முதலெழுத்து மறைந்து, லாலீக் பிரான்ஸ் என்று ஆயிற்று. 1951-ல் பாரிஸ் காட்சி ஒன்றுக்காக மார்க் செய்த 3 மீட்டர் உயரமுள்ள சரவிளக்கு இங்கே தொங்குகிறது. கனமும் ஒளியும் தொழில்திறமையும் அதில் நிறைந்திருக்கின்றன. ஆனால் அதன் கண்ணாடி தன் பிரகாசத்தையே பெரிதாகக் காட்டுகிறது. தகப்பனாரின் கண்ணாடியோ பிரகாசத்தைச் சற்று அடக்கிவைத்து உருவத்தைப் பேசவிடும். எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது.

ஆலை இன்றும் இந்தக் கிராமத்தில் நடக்கிறது; பிரான்ஸ் தேசத்தின் மிகச் சிறந்த தொழிலாளி என்ற பட்டம் பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள்; பாக்காந்த் ஜாடி இன்றும் வார்க்கப்படுகிறது. காட்சிசாலைக் கடையில் அதன் விலையைக் கேட்டபோது என் மனம் வருந்தியது உண்மை. பலருக்கும் எட்டவேண்டும் என்பதற்காகப் பொன்னை விட்டு இரும்பு அச்சுக்கு வந்த மனிதரின் சிருஷ்டி, மறுபடியும் செல்வர்களின் அலமாரிக்கே திரும்பிவிட்டது. இத்தனை கைகளின் உழைப்புக்கு உரிய விலை கொடுத்தால் அது மலிவாக இருக்க முடியாது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. என்றாலும், அரும்பொருளை யாவர்க்கும் உரியதாக்கலாம் என்று அவர் ஒரு காலத்தில் நிரூபித்துக் காட்டியதை, பின்வந்தவர்கள் தொடராமல் விட்டது பெரிய நஷ்டம் என்றே கருதுகிறேன்.

லாலீக்கை முழுமையாகக் காண விரும்புகிறவர்கள் லிஸ்பன் நகரத்துக்கும் போகவேண்டும். அவருடைய நண்பரான கலூஸ்த் குல்பென்கியன் நேரில் அவரிடமே வாங்கிச் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே குல்பென்கியன் பெயரால் விளங்கும் காட்சிசாலையில் இருக்கின்றன. தட்டானின் வாயிலிருந்து பெண்ணொருத்தி எழும் அந்தப் புகழ்பெற்ற மார்பணியும் அங்கேதான். இரண்டு ஊருக்கும் போக வாய்ப்புள்ளவர்கள் லிஸ்பனை முதலிலும் விங்கெனைப் பின்னாலும் வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தட்டானின் சிறகிலுள்ள மீனாவை நன்றாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, கோத்தியின் குப்பிகள் ஏன் பிறந்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ரயில்கள் அதிகமில்லாத ஊராகையால், திரும்பும் வண்டியின் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, ஒரு பகல் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கி வரவேண்டும்.